தினமும் ஓர் உண்மை வாக்கியம்

செப்டம்பர் 9, திங்கள்

என் ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வா என்று சொல்வாள் என்று நான் நினைத்ததே இல்லை. சொல்லிவிட்டாள். எழுதுகிறேன். சந்தோஷமாகவே எழுதுகிறேன்.

அவள் பெயர் மதலேனா. லிஸ்பனை ஒட்டிய அமதோராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாலை நேரம் எங்களுக்குப் போர்த்துகீசு சொல்லித்தருகிறாள். நவம்பர் பதினாறு ஏ2 பரீட்சை. அதில் தேறினால்தான் இந்த நாட்டில் நிரந்தரமாக இருப்பதற்கு மனுப்போட முடியும். எனக்கு அதில் பயமே இருந்ததில்லை. என் முழுப்பெயர் கஸ்பார் கொரேரா. தூத்துக்குடியில் எங்கள் ஆட்களுக்கு இந்தப் பெயர்களை வைத்துவிட்டுப் போனதே இந்தப் போர்த்துகீசுக்காரர்கள்தான். ஆபீசில் என் பெயரைப் படித்ததும் மடமடவென்று பேச ஆரம்பிப்பார்கள், நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். முதல் வகுப்பிலேயே சன்னல், சாவி, மேசை, அலமாரி, துவாலை, பொத்தான் எல்லாம் இவர்கள் சொத்து என்று தெரிந்தபோது பாதி மொழி கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பொருள்களின் பெயர்கள் மட்டும் கப்பலேறி வந்திருக்கின்றன. வினைச்சொல் ஒன்றுகூட வரவில்லை.

இன்றைக்கு அந்த வினைச்சொற்கள்தான் பாடம். நமக்கு நாமே செய்துகொள்ளும் காரியமாக இருந்தால் வினையின் பின்னால் 'மெ' என்று ஒரு வால் ஒட்ட வேண்டும். லாவு என்றால் கழுவுகிறேன். துணியை, பாத்திரத்தை, எதையோ. லாவு-மெ என்றால் என்னையே கழுவிக்கொள்கிறேன். லெவாந்து-மெ, எழுந்துகொள்கிறேன். விஷ்து-மெ, உடுத்திக்கொள்கிறேன். செந்து-மெ, உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். நான் உள்ளதைச் சொன்னேன். என் மனைவி என்னை எழுப்புகிறாள். என் மனைவி காப்பி தருகிறாள். நான் சவரம் செய்துகொள்கிறேன். என் மனைவி துவாலை தருகிறாள். என் மனைவி சட்டையை எடுத்துக் கட்டிலில் வைக்கிறாள். இப்படியே போனது. மதலேனா விரல் மடக்கி எண்ணினாள்.

"செஞோர் கஷ்பார், ஒன்பது வாக்கியம் சொன்னீங்க. எட்டில் வேலை செய்வது உங்க மனைவி. பரீட்சைக்கு அவங்களையே அனுப்பிடலாமா?"

வகுப்பே சிரித்தது. பக்கத்து இருக்கை உக்ரைன்காரி ஒக்ஸானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். மனப்பாடம் செய்து பொய் சொல்லலாமே, மொழிப் பரீட்சைக்கு உண்மை தேவையில்லை என்றாள் மதலேனா. நான் முடியாது என்றேன். இருபது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். கிரேன்காரன் பொய் சொன்னால் கீழே நிற்பவன் தலையில் விழும்.

"அப்படின்னா ஒரு நோட்டு வாங்குங்க. தினமும் 'மெ' வைத்து ஒரே ஒரு வாக்கியம். உண்மையா இருக்கணும்."

வீட்டுக்கு வந்து மனைவி ஜெசிந்தாவிடம் இதை அப்படியே நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"எட்டுதான் எண்ணுனாவளா?" என்று கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இன்றைய வாக்கியம்: எவ் பர்பெய்யு-மெ. நான் சவரம் செய்துகொள்கிறேன். உண்மை.

செப்டம்பர் 14, சனி

ஜெசிந்தாவை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். மகள் ரெஜினாவுக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டைத் திறந்து வைத்து, ஜெசிந்தாவின் தங்கச்சி கூட இருக்கிறாள்.

ஒருவழி டிக்கெட்தான் போட்டிருக்கிறாள். பிரசவம் முன்னே பின்னே ஆகும், அதனால்தான்.

உள்ளே போகும்போது, "உங்களப் பாத்துக்கிடுங்க" என்றாள். எப்ப திரும்ப வாரே என்று கேட்டதற்கு, "வாரதா வேண்டாமான்னு அங்க போயித்தான் யோசிக்கணும்" என்றாள். கேலி. அவளுக்கு எப்போதும் முகத்தை மாற்றாமல் கேலி பேச வரும்.

செப்டம்பர் 16, திங்கள்

ஒரே நாளில் மூன்று வாக்கியம். எழுந்துகொண்டேன், குளித்துக்கொண்டேன், உடுத்திக்கொண்டேன். காலுறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. மேசைக்குக் கீழ் இழுப்பறையில், சோடி சோடியாக உருட்டி வைத்திருக்கிறாள். நான் வேலை செய்வது ஓட்டல் துணி வெளுக்கும் இடத்தில். நாள் முழுக்க ஊரார் படுத்த விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் விடுகிறேன். என் சட்டையை இன்றுதான் முதன்முதலாக நானே தேய்த்தேன். கழுத்துப்பட்டி சுருண்டுவிட்டது, ஆனாலும் போட்டுக்கொண்டு போனேன்.

மதலேனா பட்டியலில் பென்தெய்யு-மெ என்று ஒன்று உண்டு. தலைவாரிக்கொள்கிறேன். என் தலைக்கு அதை எழுதினால் பொய். விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று பேருந்தில் ஒரு பெரிய விஷயம் கண்டுபிடித்தேன். இறங்க வேண்டிய இடத்தையே தாண்டிப் போய்விட்டேன். இந்த 'மெ' நம்மிடமும் இருக்கிறது. உடுத்திக்கொள், உட்கார்ந்துகொள், படுத்துக்கொள். அந்தக் 'கொள்'தான் இவர்களுடைய வால். ஊர்ப்பேச்சில் 'கிடு' என்போம். படுத்துக்கிடுங்க, சாப்ட்டுக்கிடுங்க. விமான நிலையத்தில் ஜெசிந்தா சொன்னதும் அதுதான், பாத்துக்கிடுங்க. பிறந்ததிலிருந்து வாயில் இருப்பதை லிஸ்பனுக்கு வந்தா படிக்கிறேன்.

வகுப்பில் இதைச் சொன்னேன். மதலேனா கரும்பலகையில் தமிழில் எழுதச் சொன்னாள். எழுதினேன். பஞ்சாபிக்காரர்கள் இருவரும் தங்கள் மொழியிலும் உண்டா என்று சண்டைபோட்டுக்கொண்டார்கள். இந்த நாட்டில் எனக்கு இப்படி ஒரு நாள் கிடைத்ததில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

மதலேனா நோட்டைப் பார்த்தாள். 'லெவாந்து-மெ' எட்டு நாளாக வரிசையாக இருக்கிறது.

"எத்தனை மணிக்கு அலாரம்?"

அலாரம் இல்லை என்றேன். ஜெசிந்தா ஊரிலிருந்து போன் அடிப்பாள். இங்கே ஐந்தரை, அங்கே பத்து. மணி அடித்ததும் எழுந்துகொள்வேன்.

அவள் சிவப்புப் பேனாவால் எட்டு 'லெவாந்து-மெ'யையும் அடித்தாள். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மனைவி எழுப்பினாலும் மனைவி எழுப்பியதுதானாம். நியாயம்தான். கோபம் வந்தது, ஆனால் நியாயம்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

மத்தி மீன் குழம்பு. நானே. புளி எவ்வளவு என்று கேட்க ஜெசிந்தாவுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை, "ருசி பாத்துத் தெரிஞ்சுக்கிடுங்க" என்று வைத்துவிட்டாள். ரெஜினாவைக் கவனிக்கிற வேலை.

குழம்பு குழம்பாகவே வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை, பார்த்திருக்கிறாள்.

அக்டோபர் 11, வெள்ளி

பேத்தி பிறந்திருக்கிறாள். மூன்று கிலோ. நான் தாத்தா. விரிப்பு உருளைக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் சொன்னேன். எந்த மொழியில் சொன்னேன் என்று தெரியவில்லை, எல்லோருக்கும் புரிந்தது.

இதில் ஒரு சின்ன விஷயம். காலையில் போன் வரவில்லை. பிரசவ வேதனையில் பிள்ளை துடிக்கும்போது என்னை எழுப்பவா முடியும். எட்டு மணிக்குத்தான் விழித்தேன், வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதம். மேற்பார்வையாளர் பேத்திக்காக மன்னித்தார்.

அக்டோபர் 14, திங்கள்

நேற்றும் போன் இல்லை, இன்றும் இல்லை. பச்சைக்குழந்தை இருக்கிற வீடு.

தெருமுனைக் கடையில் நேற்றே அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கி வைத்தேன். இன்று ஐந்தரைக்கு அலறியது. எழுந்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. இருட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன்: எவ் லெவாந்தெய்-மெ. நான் எழுந்துகொண்டேன். மதலேனா இதை அடிக்கட்டும் பார்ப்போம்.

அக்டோபர் 20, ஞாயிறு

சமையலறை பல்பு போய்விட்டது. அதை மாட்டும்போது நடந்ததை எழுத வேண்டும்.

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலிகள். மூன்று வருடம் முன்னால் ஜெசிந்தா இங்கே வந்த வாரம் வாங்கியவை. என்னுடையதில் மெத்தை குழிந்து, துணி ஒரு பக்கம் நைந்துவிட்டது. அது ஆடும் என்பதால் அவளுடையதை இழுத்து மேலே ஏறினேன். கால் வழுக்கியது. மேசையைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். குனிந்து பார்த்தால் உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் உறை. கடையில் சுற்றிக்கொடுத்த உறை. நான்கு கால்களிலும் அட்டை அப்படியே ஒட்டியிருக்கிறது. உட்கார்ந்திருந்தால் சுருங்கியிருக்கும், கிழிந்திருக்கும். ஒரு சுருக்கம்கூட இல்லை.

நான் தினமும் அந்த நாற்காலிக்கு எதிரில்தான் சாப்பிடுகிறேன். அவள் எனக்குப் போட்டுக்கொண்டே நிற்பாள். வேண்டுமா, போதுமா என்பாள். நான் கைகழுவிவிட்டு ஊர்ச் செய்தி பார்க்கப் போய்விடுவேன். அதற்கப்புறம் அவள் எங்கே சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அடுப்பு மேடையில் எப்போதும் ஒரு சின்னத் தட்டு இருக்கும்.

பல்பு எரிகிறது. இன்று வாக்கியம் இல்லை.

அக்டோபர் 21, திங்கள்

போனில் கேட்டேவிட்டேன்.

"ஜெசி, மூணு வருஷமா நீ அந்த நாற்காலில உக்காரவே இல்லியா?"

குழந்தை எங்கோ அழுதது.

"இப்பத்தான் பாத்தியளா?"

"பல்பு மாட்ட ஏறுனேன்."

"இங்க என் தங்கச்சி போடுதா, நான் உக்காந்து சாப்புடுதேன். சோறு சூடா இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு."

அவ்வளவுதான் பேசினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 22, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இந்த நாட்டில் இன்றைக்கு எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்க வேண்டுமாம். ஒக்ஸானா சொல்லித்தான் தெரியும். சுவர்க் கடிகாரம் தானாகவே மாறிக்கொள்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நவம்பர் 4, திங்கள்

இன்று வகுப்பில் வேறு ஒரு கூட்டம் வினைகள். வால் இல்லாமல் இவை வரவே வராதாம். கெய்ஷு-மெ, குறைசொல்லிப் புலம்புகிறேன். அரெப்பெந்து-மெ, செய்ததற்கு வருந்துகிறேன். உதாரணம் சொல்லச் சொன்னாள். ஒக்ஸானா தன் வீட்டுக்காரர் பழுது பார்க்காத குழாயைப் பற்றிப் புலம்பினாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. என் முறை வந்தபோது அடுத்தவருக்குக் கொடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா பேசினாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்தது, ரோஸ்லின் என்று பெயர். அப்புறம் வேறு ஏதோ சொல்வதுபோல அமைதியாகச் சொன்னாள்.

"நான் இங்கயே இருந்துக்கிடலாமான்னு பாக்கேன். கோவத்துல சொல்லல. இங்க இருந்தா எனக்கு நல்லா இருக்கு."

என் வாயில் என்னென்னவோ வந்தது. எனக்கு யார் இருக்கா, நான் தனியா எப்படி, ஊர் என்ன சொல்லும். எல்லாமே எனக்கு எனக்கு என்றுதான் வந்தது. அந்த வாக்கியங்களை மதலேனா கேட்டால் விரலை மடக்குவாள்.

"யோசிச்சுக்கிடு ஜெசி" என்றேன். அதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. போனை வைத்த பிறகு அழுதேன். எழுதிவிட்டேன், உண்மைதானே எழுத வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

படித்தேன். துவைத்தேன். மத்தி இன்று முதல் தரம். யாரிடமும் புளி கேட்கவில்லை.

அவளுடைய நாற்காலியை மேசைக்குள் சரியாகத் தள்ளி வைத்தேன். உறையை எடுத்துவிடலாமா என்று கையை வைத்தேன். எடுக்கவில்லை. மூன்று வருடம் பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது நான் கிழித்துப் போட்டால், அதுவும் நான் செய்ததாக ஆகிவிடும்.

நவம்பர் 16, சனி

பரீட்சை.

ஐந்து மணிக்கே அலாரத்துக்கு முன்னால் விழித்துவிட்டேன். சட்டையின் கழுத்துப்பட்டி கத்திபோல் நின்றது. எழுத்துப் பரீட்சை பரவாயில்லை. பேச்சுப் பரீட்சைக்கு இருவர் இருவராக உள்ளே அனுப்பினார்கள். எனக்குச் சோடி ஒக்ஸானா, எங்கள் அதிர்ஷ்டம். எதிரில் இரண்டு பேர், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத.

என் பெயரைப் பார்த்ததும் கேள்வி கேட்கும் அம்மாள் மடமடவென்று பேச ஆரம்பித்தாள். இந்த முறை நிறுத்த விடவில்லை. உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். ஐந்தரைக்கு எழுந்துகொள்கிறேன். குளித்துக்கொள்கிறேன். சவரம் செய்துகொள்கிறேன். தலை வாரிக்கொள்வதில்லை, காரணம் பாருங்கள் என்று தலையைக் காட்டினேன். எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்குக் காற்றில் நடப்பது போல இருந்தது. ஒன்பது வாக்கியம், ஒன்பதிலும் நான்.

அப்புறம், வீட்டில் இருக்கும் யாராவது ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். அதற்கு நான் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என் மனைவி உயரம், நல்லவள், நன்றாகச் சமைப்பாள். வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

நான் சொன்னது இதுதான். எங்கள் வீட்டில் என் மனைவிக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. மூன்று வருடமாக அவள் அதில் உட்கார்ந்ததில்லை. எனக்குப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் பார்க்கவில்லை. இப்போது அவள் தூரத்தில் இருக்கிறாள். அரெப்பெந்து-மெ. நான் வருந்துகிறேன்.

ஒக்ஸானா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

நவம்பர் 17, ஞாயிறு

ஜெசிந்தாவே போன் செய்தாள்.

"என்ன கேட்டாவ?"

சொன்னேன். தலையைக் காட்டியதையும் சொன்னேன், நாற்காலியையும் சொன்னேன்.

"அத்தன பேர் முன்னாலயா நாற்காலி கதையச் சொன்னிய?"

"பரீட்சையில பொய் சொல்லக்கூடாதுல்லா."

முதலில் ஒரு மூச்சு கேட்டது. அப்புறம் சிரித்தாள். செப்டம்பரில் நான் நடித்துக் காட்டியதற்குச் சிரிக்காத சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள் போல, நிற்கவே இல்லை. தங்கச்சி என்ன என்ன என்று கேட்கிற சத்தம் கேட்டது. சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "மத்தியில புளி எவ்வளவு போட்டிய?" என்றாள்.

"ருசி பாத்துப் போட்டேன்."

"சரி. ரோஸ்லினுக்கு நாப்பது நாள் முடியட்டும். அதுக்கப்புறம் ஒரு தடவ வந்து பாக்கேன். இருக்கதா வேண்டாமான்னு நான் பாத்து முடிவு பண்ணிக்கிடுதேன்."

"டிக்கெட் போடட்டுமா?"

"வேண்டாம். நானே போட்டுக்கிடுதேன்."

வீட்டில் இரண்டே அறை. இரண்டிலும் மாறி மாறி நடந்தேன்.

டிசம்பர் 7, சனி

விமானம் சரியான நேரம். அவள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறது. பரீட்சை முடிவு வந்ததா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஞாபகமே இல்லை.

வீட்டுக்குள் வந்ததும் பெட்டியை வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். மூடியைத் திறந்து பார்த்தாள். சோறு, மத்திக் குழம்பு, முட்டைக்கோஸ். கரண்டியை எடுத்தாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"நீ போயி உக்காரு."

என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு போய் நாற்காலியை இழுத்தாள்.

"இந்த உறையை இன்னும் எடுக்கலியா?"

"உன் நாற்காலி. நான் எப்படி எடுக்க?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிச் சோறு போட்டேன். முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டது. நடுவில் ஒருமுறை நின்றது, அப்புறம் முழுக்கக் கிழிந்தது. நான் தட்டோடு திரும்பியபோது அவள் உட்கார்ந்திருந்தாள். உறையை நான்காக மடித்து மேசையில் வைத்திருந்தாள்.

ஒரு வாய் சாப்பிட்டாள்.

"உப்பு கூட."

"சூடா இருக்கா?"

தலையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் சோறு என்று தட்டை நீட்டினாள். போட்டேன். அவள் இருப்பாளா, திரும்பிப் போவாளா என்று நான் கேட்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் தூங்கப் போனபின் இந்த நோட்டை எடுத்தேன். இன்றைய வாக்கியத்தில் நான் இல்லை, அதனால் வாலும் 'மெ' இல்லை, அவளுக்கான 'ஸெ'. மதலேனா ஒத்துக்கொள்வாளா தெரியவில்லை, ஆனால் இதைவிட உண்மையான வாக்கியம் என்னிடம் கிடையாது.

ஜெசிந்தா செந்தோ-ஸெ. ஜெசிந்தா உட்கார்ந்துகொண்டாள்.